உடும்பு, பாம்பு, தவளை: மருந்து எது, வதந்தி எது? கேள்வி பதில்

கேள்வி: சார், உடும்பு ரத்தம் குடித்தால் இளைப்பு போகும், கறி தின்றால் மூட்டுவலி தீரும் என்கிறார்களே?

பதில்: எந்த ஆதாரமும் கிடையாது. பச்சை ரத்தத்தில் சால்மோனெல்லா கிருமி வரலாம், ஒட்டுண்ணி வரலாம். உடும்பு 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. தெருவோரம் விற்கிற சாண்டா எண்ணெயும் இதே கதைதான். தார் பாலைவனத்து முள்வால் பல்லியின் கொழுப்பு அது. மற்றக் கொழுப்புகளைப் போன்ற கொழுப்பு, அவ்வளவே.

கேள்வி: அப்போ பாம்பு விஷத்திலிருந்து மாத்திரை வந்தது என்பதும் கட்டுக்கதையா?

பதில்: அது உண்மை. பிரேசிலின் ஜராராகா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். விஷத்தில் அதைச் செய்யும் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) கண்டுபிடித்து, அதன் வேலையைச் செய்யும் சின்ன மூலக்கூறு ஒன்றை வடிவமைத்தார்கள். அதுதான் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை. மாத்திரையில் விஷம் ஒரு துளியும் இல்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் டைரோஃபிபானும் இப்படித்தான். முன்மாதிரி நம்மூர் சுருட்டை விரியனின் விஷம். சர்க்கரை நோய்க்கான எக்ஸனடைடு (2005) கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலிலிருந்து கிடைத்த யோசனை. நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். பல்லியின் எச்சிலில் உள்ள அதே போன்ற பொருள் மணிக்கணக்கில் தாங்கும்.

கேள்வி: ஆலையிலேயே செய்துகொள்ளலாம் என்றால், பிராணி அழிந்தால் நமக்கென்ன நஷ்டம்?

பதில்: ஆலையில் செய்ய, முதலில் மூலக்கூறைப் படித்தாக வேண்டுமே. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் ஒரு தவளை இருந்தது. தாய் முட்டைகளை விழுங்கி, இரைப்பையிலேயே குஞ்சு வளர்த்து, வாய் வழியே வெளியே விடும். அந்தக் காலம் முழுக்க இரைப்பையில் அமிலம் சுரக்காது. புரோஸ்டகிளாண்டின் ஈ2 என்ற, ஹார்மோன் போன்ற பொருள் காரணம் என்பது வரை தெரிந்தது. அமிலம் நின்றது எப்படி, மறுபடி தொடங்கியது எப்படி என்று முழுதாகப் படிக்குமுன் 1981-க்குப் பிறகு காட்டில் அதைப் பார்த்தவர் இல்லை. 1984-இல் கிடைத்த அதன் உறவுத் தவளையும் மறு ஆண்டே காணாமல் போயிற்று. அல்சர் ஆராய்ச்சிக்கு அது பெரிய இழப்பு என்பேன்.

கேள்வி: கூண்டில் வளர்த்துக் காப்பாற்றலாமே ஐயா?

பதில்: இனம் பிழைக்கும், ரசாயனம் பிழைக்காது. தென்னமெரிக்க விஷத் தவளைகள் நஞ்சைத் தாமே தயாரிப்பதில்லை. தின்னும் எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும் சேர்த்துக்கொள்கின்றன. பழ ஈ தின்று கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளர்ந்தவற்றில் நஞ்சே இருக்காது. ஆகவே காடும் வேண்டும்.

கேள்வி: பாம்புக்கடி மருந்துக்குப் பாம்பைக் கொல்கிறார்களா?

பதில்: இல்லை. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் பிடித்து, மண்பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் வைத்துச் சுமார் மூன்று வாரத்தில் திரும்ப விட்டுவிடுவார்கள். விஷம் பல புரதங்களின் கலவை. அதனால் கேப்டோபிரில் போல ஆலையில் செய்துகொள்ள வழியில்லை. உலர்த்திய விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதம் பிரிக்கிறார்கள். 10 மி.லி. குப்பி ஒன்று நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் 6 மி.கி.யையும், மற்ற இரண்டில் 4.5 மி.கி.யையும் முறிக்க வேண்டும். குறை எங்கே என்றால், விஷத்தின் கலவை ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலத்துக் கடிக்கு மந்தமாக வேலை செய்வதுண்டு.

கேள்வி: தவளை ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் நாங்கள். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையை. குறைந்தது 501 இனங்களில் தவளை முதலியவற்றின் தொகையைக் குறைத்து, அவற்றில் 90 இனங்களை அழித்திருக்கலாம் என்கிறது 2019-இல் வந்த கணக்கு. ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஊர் விட்டு ஊர் போகும். முதலில் சேற்றைத் தேய்த்துக் கழுவுங்கள். சேறு இருந்தால் கிருமிநாசினி உள்ளே இறங்காது. பிறகு 70% ஆல்கஹாலில் ஒரு நிமிடம் நனைக்கலாம், அல்லது 60 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் போடலாம். அடுத்த ஓடைக்குப் போகுமுன் முழுக்கக் காய விடுங்கள். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. ஓரிடத்தில் பிடித்ததை இன்னோர் இடத்தில் விடவே கூடாது.