பதினாறு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

(இறப்புச் சான்றிதழ் பற்றி வந்த கேள்விகளுக்கு, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் வட்டங்களில் 27 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக (விஏஓ) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, என் கணவர் 2021 மே மாதம் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். சான்றிதழுக்காக எங்கள் ஊர் விஏஓவிடம் மூன்று தடவை போய்விட்டேன். இங்கே பதிவு இல்லை என்கிறார். சொந்தக்காரப் பையன் ஒருவன் ஆன்லைனில் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தான். அதில் அவர் பெயரே வேறு மாதிரி இருக்கிறது. வங்கியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி, களக்காடு பக்கம்

அம்மா, உங்கள் ஊர் விஏஓ சொன்னது சரிதான். இந்தப் பதிவு பிறந்த ஊரைப் பார்க்காது, வாழ்ந்த ஊரையும் பார்க்காது. உயிர் எந்த எல்லைக்குள் பிரிந்ததோ அங்கேதான் எழுதப்படும். பாளையங்கோட்டை திருநெல்வேலி மாநகராட்சிக்குள் வருகிறது. அதனால் உங்கள் கணவர் பெயர் மாநகராட்சிப் பதிவில் இருக்கும். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தாலும், சிந்துபூந்துறையிலேயே தகனம் செய்திருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. மூன்று தடவை அலைய விட்டதற்குப் பதில், முதல் நாளே இதை உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு வருத்தம்தான்.

பெயர் எப்படி மாறியது என்று நினைக்கிறீர்கள்? மருத்துவமனையில் இறந்தால் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. ஆனால் பெயரை அவர்கள் நம்மிடம் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் ஒரு ஆளுக்கு ஆதாரில் சுடலைமுத்து என்று இருக்கும், தெருவே அவரைத் துரை என்று கூப்பிடும். என் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. 2009ல் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் அம்மா தவறினார். நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி விவரம் கொடுத்துவிட்டான். அம்மாவை ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறான். அதைத் திருத்த எட்டு மாதம் ஆனது. அவன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. பெற்றவளைப் பறிகொடுத்து நிற்கிறவன் வாயில் குடும்ப அட்டையில் இருக்கிற பெயரா வரும்?

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு திருத்தத்துக்காகவே இருக்கிறது. கணவரின் ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, பதிவு இருக்கும் மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். மருத்துவமனையில் அவரைச் சேர்த்தபோது கொடுத்த சீட்டு ஒன்றாவது கையில் இருந்தால் அதையும் வையுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள். பதிவாளர் பழைய எழுத்தை அழிக்க மாட்டார். ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஒன்று மட்டும் கவனம் அம்மா. "திருத்தம் எல்லாம் நாளாகும், சொந்த ஊரில் புதிதாக ஒரு பதிவு போட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மரணத்துக்கு இரண்டு பதிவு வந்துவிட்டால் பிறகு இரண்டையுமே சந்தேகப்படுவார்கள். திருத்தம் ஏறிய பிறகு சான்றிதழை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2018 முதல் பதிவானவற்றுக்கு அந்த வசதி உண்டு, கட்டணம் இல்லை. அதில் இருக்கும் கியூஆர் குறியீட்டை வைத்து வங்கியே சரிபார்க்கலாம்.

இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், திசையன்விளை

இல்லை. ஒருவர் இறந்தார் என்பதற்குச் சான்று முதலாவது, அவருக்கு யார் யார் வாரிசு என்பதற்குச் சான்று இரண்டாவது. வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுப்பார், இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். முதலாவது கையில் இல்லாமல் இரண்டாவதற்குப் போக முடியாது.

தாத்தா 1974ல் எங்கள் கிராமத்து வீட்டிலேயே இறந்தார். பட்டா இன்னும் அவர் பெயரில். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1974ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடிப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பது பழைய கருமாதிப் பத்திரிகை ஒன்றுதான். அதில் ஆனந்த வருஷம் மாசி மாதம் என்று இருக்கிறது.
– ஒரு வாசகர், மூலைக்கரைப்பட்டி

தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆனந்த வருஷம் பிறந்தது 1974 சித்திரையில். அதன் மாசி மாதம் வருவது 1975 பிப்ரவரி, மார்ச்சில். வீட்டில் எல்லோரும் 'ஆனந்த வருஷம், அதாவது 1974' என்றே சொல்லிப் பழகியிருப்பீர்கள். பதிவேடோ ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஒன்று. நீங்கள் கேட்க வேண்டியது 1975ஆம் ஆண்டுப் பதிவேடு. பத்திரிகையில் திதியும் கிழமையும் இருந்தால் நாளைக்கூடச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம்.

தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். 1980ல் முன்சீப், கர்ணம் என்ற பழைய கிராம அதிகாரி பதவிகளை ஒழிக்கும்வரை கிராமத்தில் இந்தக் கணக்கை எழுதியது கிராம முன்சீப். ஊரில் எல்லோரையும் அவருக்குத் தெரியும் என்பதால் சில இடத்தில் பட்டப்பெயரோடு எழுதியிருப்பார், சில இடத்தில் 'இன்னார் மகன்' என்பதோடு நிறுத்தியிருப்பார். தகப்பனார் பெயர், தெரு, வயது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில் அப்படிப்பட்ட பழைய நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். பழுப்பேறிய தாளில் ஒரு ஊரே வரிசையாகப் படுத்திருப்பது போல இருக்கும். மரியாதை இல்லாமல் பக்கத்தைத் திருப்ப மனசு வராது.

1975லும் இல்லை என்றால், பதிவு இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள். ஓராண்டு கடந்த மரணத்தைப் புதிதாகப் பதிய முன்பு நீதித்துறை நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு போடுகிறார். நாங்குநேரி வட்டத்துக்குச் சேரன்மகாதேவி கோட்டம். கருமாதிப் பத்திரிகை, பழைய குடும்ப அட்டை, ஊர்ப் பெரியவர்கள் வாக்குமூலம் எல்லாம் அங்கே பயன்படும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபையின் அடக்கப் பதிவேடு ரொம்பப் பலமான சாட்சி. நம் மாவட்டத்துப் பழைய சபைகளில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்தும் இதே மாதிரி மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தாலும் மனு கொடுக்க வேண்டியது இப்போது உங்கள் ஊர் எந்தக் கோட்டத்தில் இருக்கிறதோ அங்கே.

என் மகன் அமெரிக்காவில் வேலையில் இருந்தபோது போன மாதம் விபத்தில் இறந்துவிட்டான். அங்கே கவுண்டி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– ஒரு தகப்பனார், ராதாபுரம்

அண்ணாச்சி, உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு. அங்கேயும் பதிவு இறந்த இடத்தை வைத்துத்தான். பெரும்பாலும் இறுதிச் சடங்கு நிறுவனமே பதிவுக்கான தாளை அனுப்பி, சான்றிட்ட பிரதிகளையும் வாங்கித் தரும். பிரதி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. யார் வாங்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பெற்றோர் என்பதற்கு ஆதாரம் கேட்டால் மகனின் பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள். பத்துப் பிரதியாவது முதலிலேயே வாங்கச் சொல்லுங்கள். அங்குள்ள வங்கி, காப்பீடு, நம் ஊர் அலுவலகங்கள் என்று ஒவ்வொன்றும் ஒன்று கேட்கும், இங்கிருந்துகொண்டு மறுபடி வாங்குவது சிரமம். சில மாநிலங்களில் இறப்பின் காரணம் எழுதிய பிரதி, எழுதாத பிரதி என்று இரண்டு உண்டு. காப்பீட்டுக்குக் காரணம் உள்ளது வேண்டும். நம் நாட்டுச் சான்றிதழில் காரணமே வராது, சட்டம் அதைத் தடுக்கிறது.

இந்தியாவில் காட்டப்போகும் பிரதிகளில் இரண்டுக்காவது, சான்றிதழ் கொடுத்த அந்த மாநிலத்திலேயே 'அப்போஸ்டில்' முத்திரை (தாள் உண்மையானது என்று வேறு நாட்டுக்கு உறுதி சொல்லும் முத்திரை) வாங்கச் சொல்லுங்கள். அவர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து ரத்து செய்யவும், இறப்பைப் பதியவும் வேண்டும். மகனோடு வேலை பார்த்த நண்பர்களில் ஒருவரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அப்பா வீட்டில் இறந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். பதினாறு முடிந்த பிறகு பதிவுக்குப் போகலாமா?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

இந்தக் கடிதம் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடாது என்று, கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சட்டம் கொடுப்பது 21 நாள். பதினாறு கழித்தால் மிச்சம் ஐந்து நாள்தான். அதற்குள் வந்தவர்களை வழியனுப்ப வேண்டும், பந்தல்காரர் கணக்கு முடிக்க வேண்டும், இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடும். அப்புறம் 30 நாள் தாண்டினால் எழுத்து மூலமான அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர். நம் பக்கத்தில் பாதிச் சிக்கல் இந்த 'பதினாறு முடியட்டும்' என்ற வார்த்தையில்தான் ஆரம்பிக்கிறது.

துட்டி வீட்டில் சடங்கு செய்கிறவர்கள் வெளியே போகக்கூடாது என்று இருக்கலாம். தகவல் கொடுக்க அவர்தான் வேண்டும் என்றில்லை. குடும்பத்தில் நெருங்கிய உறவு யாராவது ஒருவர் போகலாம். கிராமம் என்றால் விஏஓ, வீரவநல்லூர் மாதிரி ஊர் என்றால் பேரூராட்சி அலுவலகம். அப்பாவின் ஆதாரைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுதுகிறவர் எழுதும்போதே ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள். தகவல் கொடுத்தவருக்கு முதல் பிரதி இலவசம்.

அந்தப் பெண் மறுநாள் காலையிலேயே தன் சித்தப்பாவை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.