டேட்டாபேஸில் ஏற்றும் முன் என்கோடிங்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை ஏற்றினேன். தமிழ்ப் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா அண்ணா?

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. என்கோடிங் என்பது எழுத்துகளை பைட்டு எண்களாக எழுதிவைக்கும் முறை. யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் 'அ' என்பது 224, 174, 133 என்று மூன்று பைட்டு. அதையே விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய என்கோடிங்) என்று நினைத்துப் படித்தால் 224 கோடு போட்ட ஏ ஆகிவிடும், 174 வட்டத்து ஆர், 133 மூன்று புள்ளி. தமிழ் எழுத்து எல்லாமே 224இல் தொடங்கி அடுத்தது 174 அல்லது 175 என்றுதான் வரும், அதனால்தான் அதே ஜோடி திரும்பத் திரும்பத் தெரிகிறது. டேபிளைக் காலி செய்துவிட்டு, லோட் டேட்டா கட்டளையில் கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி மறுபடி ஏற்றுங்கள், டேபிளும் அதே செட்டில் இருக்கட்டும். (வெறும் யூடிஎஃப்8 என்று போட்டால் மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்குப் போதும், எமோஜி வந்தால் மாட்டும்.) கோப்பை மாற்றவே வேண்டாம். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு 1252இலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடுகிறார்கள். ஏற்கெனவே யூடிஎஃப்-8இல் இருப்பதை இப்படி மாற்றினால் அந்த மூன்று பைட்டு 'அ' ஏழு பைட்டாக வீங்கிவிடும்.

கேள்வி: சரி, கோப்பு எந்த என்கோடிங் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டெக்ஸ்ட் கோப்பு தன் என்கோடிங்கை எங்கும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் ஊகம்தான். ஃபைல் என்ற கட்டளை கோப்பின் தொடக்கத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது, முதல் சில ஆயிரம் வரிகள் ஆங்கிலமாக இருந்தால் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமான என்கோடிங்) என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நான் செய்வது இது: ஐகான்வ் என்ற என்கோடிங் மாற்றும் கட்டளையில் யூடிஎஃப்-8இலிருந்து யூடிஎஃப்-8க்கே மாற்றிப் பார்ப்பேன். எரர் இல்லாமல் முடிந்தால் அநேகமாக அது யூடிஎஃப்-8தான், ஏனென்றால் வேறு என்கோடிங் எழுத்துகள் தற்செயலாக அந்த விதிக்குள் அடங்குவது அபூர்வம். லத்தீன்-1 என்ற என்கோடிங்கை வைத்து இதே சோதனை செய்யாதீர்கள், அது 256 பைட்டு மதிப்புகளையும் ஏற்றுக்கொள்ளும், அதனால் எந்தக் கோப்பும் தேறிவிடும். அப்புறம், உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயர் உள்ள வரியை எடுத்து பைட்டுகளைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: ஐகான்வ் பாதியில் நின்றுவிடுகிறது. மைனஸ் சி போட்டால் ஓடிவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: ஓடும், புரியாத பைட்டுகளைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு ஓடும். எரரில் இடம் சொல்லியிருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். இரண்டு இடத்திலிருந்து வந்த கோப்புகளை யாரோ ஒன்றாக ஒட்டியிருக்கலாம். அப்படியானால் பிரித்து, தனித்தனியாக மாற்றி, பிறகு சேருங்கள். வெளியீட்டை அதே கோப்புப் பெயருக்குத் திருப்பிவிடாதீர்கள், படிக்கத் தொடங்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும்.

கேள்வி: முதல் காலத்தின் (நெடுவரிசையின்) தலைப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, என் பைத்தான் நிரல் மட்டும் அப்படி ஒரு காலமே இல்லை என்கிறது.

பதில்: பிஓஎம், அதாவது கோப்பின் தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி. கோப்பின் தலையில் 239, 187, 191 ஒட்டிக்கொண்டிருக்கும், எக்செல்லில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்தால் அது சேர்ந்தே வரும். பைத்தானில் யூடிஎஃப்-8-சிக் என்று சொல்லித் திறங்கள்.

கேள்வி: பழைய கோப்புகள் சில டிஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கில், சில பாமினி எழுத்துருவில் இருக்கின்றன ஐயா.

பதில்: டிஸ்கி என்றால் லினக்ஸில் உள்ள ஐகான்வே மாற்றித்தரும். பாமினி அப்படியல்ல, அது எழுத்துரு செய்யும் வேலை, உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் ஆங்கில எழுத்துகள். அதற்கென்று உள்ள மாற்றி வேண்டும். கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும், ஆகவே தமிழ்க் காலங்களை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது, மீட்க முடியுமா?

பதில்: டேபிளில் பைட்டு 63 (நிஜமான கேள்விக்குறி) என்று இருந்தால் போனது போனதுதான். மூலக்கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

கேள்வி: ஏற்றியது அழகாகத் தெரிகிறது, 'கொடி' என்று தேடினால் பாதி வரிகள்தான் கிடைக்கின்றன.

பதில்: 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோல இருக்கும், பைட்டில் வேறு. ஏற்றும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி (இப்படிப்பட்ட இரண்டு குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பைத்தானில் யூனிகோட்டேட்டா நூலகத்தில் நார்மலைஸ் இருக்கிறது. தேடுபெட்டியில் வரும் சொல்லுக்கும் அதையே செய்யவேண்டும்.