கணக்கில் 13 டன், காட்டில் எத்தனை?

கேள்வி: எனக்கு மூணு ஏக்கர் மானாவாரிச் செவல் காடு. வேளாண் கல்லூரியில் படிக்கும் மகள் ஏதோ சூத்திரம் போட்டு, ஹெக்டேருக்கு வருடம் 13 டன் மண் போகிறது என்கிறாள். போன ஐப்பசியில் ஒரே மழையில் கீழ்மூலையை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டது, அதற்கு முந்தைய வருடம் ஒன்றுமே போகவில்லை. இந்தக் கணக்கை நம்பலாமா?
- வாசகர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: நம்பலாம், ஆனால் அது இந்த வருடக் கணக்கு இல்லை. மகள் போட்டது அநேகமாக அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மண் அரிப்பைக் கணக்கிட 1965-ல் வெளியிட்டு, 1978-ல் திருத்திய சமன்பாடு, இல்லாவிட்டால் அதன் 1997 பதிப்பு. மழையின் வேகம், மண்ணின் குணம், சரிவின் நீளமும் சாய்வும், பயிர் மூடாக்கு, உழவு-வரப்பு முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்துப் பெருக்குவார்கள், அவ்வளவுதான். அந்த எண்கள் சோதனை வயல்களில் வருடக்கணக்கில் ஓடிய மண்ணை அளந்து எடுத்தவை. 22.13 மீட்டர் நீளம், 9 சதவீதச் சாய்வு உள்ள பாத்திதான் அவர்களுக்கு அளவுகோல்.

அதனால் வருவது பல வருடச் சராசரி. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்க்கிற மழை பாதி வருட வேலையைச் செய்துவிடும், அடுத்த வருடம் சும்மா இருக்கும். அப்புறம், அந்தக் கீழ்மூலை ஓடை இந்தக் கணக்கிலேயே கிடையாது. பரவலாக வழிகிற நீரும், சின்னச் சின்னக் கீறல்களும் கொண்டுபோகிற மண்ணைத்தான் அது சொல்லும். 13 டன் என்பது நிலம் முழுக்கப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் நம் நாட்டில் வருடத்துக்குத் தாங்கலாம் என்று வைத்திருக்கும் வரம்பே ஹெக்டேருக்கு 4.5 முதல் 11.2 டன் வரைதான்.

மழை எண்ணை எங்கிருந்து எடுத்தாள் என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு வேகமாகப் பெய்தது என்று பார்த்துப் போட வேண்டியது அது. அந்த விவரம் கிடைக்காமல், வருட மொத்த மழையை வேறு ஊருக்குச் செய்த சூத்திரத்தில் போட்டுவிடுவார்கள். நாள் முழுக்கத் தூறிய 60 மில்லிமீட்டரும், ஒரு மணி நேரத்தில் கொட்டிய 60 மில்லிமீட்டரும் ஒன்றா?

இந்தக் கணக்கின் உண்மையான உபயோகம் ஒப்பிடுவதில்தான். சாய்வு 3 முதல் 8 சதவீதம் என்றால், மேலும் கீழுமாக உழுவதை விட்டுச் சரிவுக்குக் குறுக்கே உழுதால் அரிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்கிறது அவர்கள் 1978-ல் சமன்பாட்டைத் திருத்தி வெளியிட்ட கையேடு. நடுவில் வரப்புப் போட்டுச் சரிவின் நீளத்தைப் பாதியாக்கினால் பாதியாகாது, சாய்வு 5 சதவீதத்துக்கு மேல் என்றால் சுமார் 30 சதவீதம் குறையும். எனவே முதலில் ஏரைத் திருப்புங்கள், செலவும் இல்லை. கீழ்மூலைக்குக் கல் அடுக்கித் தடுப்புப் போட்டே ஆக வேண்டும், அதைக் கணக்குக்காகக் காத்திருக்காமல் செய்யுங்கள்.

கேள்வி: கண்மாயில் சேர்ந்த வண்டலை அளந்தால் மேட்டு நிலத்தில் போன மண் தெரிந்துவிடாதா?
- வாசகர், மேலூர்

பதில்: தெரியாது. கிளம்பிய மண் எல்லாம் கண்மாய்க்கு வந்து சேருவதில்லை, வழியில் வரப்போரம், பள்ளம், அடுத்தவர் வயல் என்று தங்கிவிடும். ஓடையில் எவ்வளவு மண் வருகிறது என்று ஒவ்வொரு மழைக்கும் கணக்கிட வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975-ல் மேலே சொன்ன அதே சமன்பாட்டை மாற்றி, மழை எண்ணுக்குப் பதிலாக ஓடும் நீரின் அளவையும் உச்ச வேகத்தையும் வைத்தார். அதற்கும் ஓடையில் நீரை அளந்த பதிவு வேண்டும், நம் கண்மாய் ஓடைகளில் அது எங்கே இருக்கிறது?