சாருக்காக அழ எனக்கு உரிமை இல்லையா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. சென்னையில் மென்பொருள் துறையில் வேலை. மூன்று மாதம் முன்பு எனக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்த சார் இறந்துபோனார். இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

2003இல் கோவில்பட்டியில் கல்லூரியில் படித்தபோது, மாலையில் அவருடைய சின்ன கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவேன். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஃபீஸ் எப்போதும் தள்ளித்தான் போகும்; சார் ஒரு நாளும் கேட்டதில்லை. மொத்தமே மூன்று கம்ப்யூட்டர். உட்காரும் முன் நோட்டில் பென்சிலால் புரோகிராம் எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்த வேரியபிளில் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) என்ன மதிப்பு என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். தப்பைச் சிவப்பு மையில் சுழிப்பார். திட்ட மாட்டார்.

ஒரு மதிப்பு கம்ப்யூட்டர் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் பாயிண்டர் மட்டும் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நாள் பெஞ்சுகளுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டார். சீட்டில் 4 என்று எழுதி என் கையில் கொடுத்து, "போய்ப் பாரும்மா, அங்க யாரு இருக்கா? சீட்டுல இருக்கிறது ஆள் இல்ல, ஆள் இருக்கிற இடம்" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதும் டர்போ சி மென்பொருளில் ஆல்ட் எஃப்5 அழுத்தி விடையைப் பார்த்தபோது என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

2011 அக்டோபரில் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி இறந்த செய்தி வந்ததும் சார் ஃபோன் செய்தார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. "ரிச்சியைப் பத்தி யாருமே பேசலையேம்மா" என்றார். குரல் கம்மியிருந்தது.

கடைசியாக ஒரு புதன்கிழமை கூப்பிட்டிருந்தார். ரிலீஸ் வேலையில் இருந்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை மாரடைப்பு. எனக்குத் தெரியவந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. ஊருக்குப் போக லீவு கேட்டேன். "சொந்தமா?" என்றார்கள். இல்லை என்றேன். கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் "இன்னுமா அதையே நினைக்கிற?" என்கிறார்கள். அவர் நம்பரை அழிக்கவும் மனம் வரவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு எதுவும் இல்லை. உங்கள் துக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை, அதுதான் சிக்கல். இறந்தவர் அப்பாவாக இருந்தால் லீவு உண்டு, பதினாறு நாள் சுற்றிலும் ஆட்கள் உண்டு. உங்களுக்கு அதில் எதுவுமே கிடைக்கவில்லை. இப்படி மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒரு நூலே கொண்டுவந்தார். நண்பர், ஆசிரியர், முன்னாள் துணை என்று பலருடைய இழப்பும் இதில் சேரும். வெளியே அழ முடியாதபோது துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது 2011இல் வந்த அந்த ஃபோன் கால். நேரில் பார்த்தேயிராத ஒரு மனிதருக்காக உங்கள் சார் கலங்கினார். அவர் சொந்தமா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த வருத்தத்தைப் பகிர அவர் தேடியதும் உங்களைத்தான். அவர் ரிச்சிக்காக வருந்தியது சரி என்றால், நீங்கள் அவருக்காக அழுவது எப்படித் தப்பாகும்?

எடுக்காத அந்த அழைப்பைப் பற்றி 'அது ஒன்றுமில்லை' என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வலி இருக்கும். ஆனால் அவர் எதற்குக் கூப்பிட்டார் என்பதற்கு உங்கள் மனம் தானாக ஒரு பதில் எழுதி, அதை வைத்தே உங்களைத் தண்டிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று நினைத்தது அலட்சியம் இல்லை. அவர் இருப்பார் என்ற நம்பிக்கை அது. அன்று சொல்ல நினைத்ததையெல்லாம் அவருக்கே ஒரு கடிதமாக எழுதுங்கள். பென்சிலில் எழுதினாலும் சரி.

நம்பரை அழிக்க வேண்டாம். இறந்தவரை மறந்தால்தான் மீளலாம் என்பது பழைய எண்ணம். அவரோடான பந்தம் வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்று 1990களிலிருந்தே துக்க ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள்.

வீட்டில் சார் யார் என்று ஒரு நாள் முழுதாகச் சொல்லுங்கள், அந்தப் பெஞ்சுக் கதையோடு. அவர்களுக்குத் தெரிந்தது 'கம்ப்யூட்டர் சார்' என்ற இரண்டு வார்த்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வேலையே ஓடாத நிலை நீடித்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், கோவில்பட்டிக்கு ஒரு முறை போய் வாருங்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். வீடு வெறிச்சோடுவது அப்புறம்தான். சிவப்பு மை சுழித்த அந்த நோட்டு இன்னும் உங்களிடம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பதை அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.