பைக்குக்கு மேலதிக வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டனில் லீசிங்கில் 110 சிசி பைக் எடுக்கப் போகிறேன். கம்பனி தரும் 2 வருட வாரண்டி முடிந்த பிறகு இன்னும் 2 வருடத்துக்கு என்று 25,000 ரூபா கேட்கிறார்கள். மலைப்பாதையில் எஞ்சின் சீக்கிரம் போய்விடுமாம். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி.

மலைப்பாதையில் பைக் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். ஆனால் தேய்வது எது? நோர்வூட் ஏற்றத்தில் அரைக் கிளச்சில் ஏறி ஏறி கிளச் பிளேட் போகும். இறக்கத்தில் பிரேக் ஷூ போகும். தோட்டத்துக் கல்ரோட்டில் செயின் சொக்கட், கோன் செட் (ஹாண்டில் திரும்பும் இடத்து பேரிங்), முன் ஃபோர்க்கின் ஒயில் சீல் போகும். கராஜுக்கு வரும் பைக்குகளில் நான் அதிகம் மாற்றுவது இவற்றைத்தான். இவை தேய்மானப் பொருட்கள், வழக்கமாக எந்த வாரண்டியிலும் சேராது. வாரண்டி காப்பாற்றுவது பிஸ்டன், கிராங்க், கியர் போன்ற உள் பாகங்களை, அதுவும் தயாரிப்பிலேயே பிழை இருந்தால் மட்டும். அப்படிப் பிழை இருந்தால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். ஒயில் வற்றி எஞ்சின் பிடித்தால் அது உங்கள் கவனயீனம் என்று எழுதிக் கையை விரித்துவிடுவார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. இந்த 25,000ஐ யாரும் கையில் காசாகக் கேட்பதில்லை. "லீசிங்கோடு போட்டுவிடுவோம், மாதம் கொஞ்சம்தான் கூடும்" என்பார்கள். ஆண்டுக்கு 24 வீத வட்டியில், குறைந்து செல்லும் மீதிக்கு, 4 வருடம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். மாதம் சுமார் 815 ரூபா. முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 39,000 ரூபாவுக்கு மேல். அந்த வாரண்டி வேலை செய்யத் தொடங்குவதே மூன்றாம் வருடத்தில்! அதுவரை இல்லாத பொருளுக்கு வட்டி கட்டுகிறீர்கள். இடையில் ஒரு புரோக்கர் இருந்தால் இன்னும் கவனம். "விபத்துக்கும் இது உதவும்" என்று ஒருவர் சொல்லி விற்றதை நான் காதால் கேட்டேன். விபத்துக்கு இருப்பது காப்புறுதி. லீசிங் பைக்குக்கு முழுக் காப்புறுதியை எப்படியும் தனியாகக் கட்ட வைப்பார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. தம்பி முறையான ஒருவருக்காக கியர் பொக்ஸ் கோளாறொன்றைத் தூக்கிக்கொண்டு வாரண்டி கேட்டு நானே போனேன். ஒரு சர்வீஸ் 300 கிலோமீற்றர் பிந்தியிருந்ததாம், மறுத்துவிட்டார்கள். நிபந்தனை முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். தமிழ் ஆட்களிடம் கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழில் தர இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபியூவல் இன்ஜெக்ஷனும், சில்லு இறுகிச் சறுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள பெரிய பைக் என்றால் யோசிக்கலாம். அதன் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி), ஏபிஎஸ் யூனிட் போன்றவை விலை கூடியவை. நம் மழையில் வயரிங்குக்குள் ஈரம் இறங்குவதும் சகஜம், நம்மூர் பாஸ்மார் (மெக்கானிக்மார்) எல்லோரிடமும் அதைப் பார்க்கும் கருவியும் இருக்காது. ஆனால் அந்தப் பாகங்களின் பெயர் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஈரத்தால் வந்த கோளாறை விலக்கியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும், விலக்கியிருந்தால் நமக்குப் பயனில்லை. பைக் கம்பனியே தருவதாக இருக்க வேண்டும், கடைக்காரர் அச்சடித்த அட்டை செல்லாது. சர்வீஸ் நிலையம் ஒரு நாள் சம்பளம் போகாத தூரத்தில் இருக்க வேண்டும். ஹோர்ன், லைட் என்று வயரை வெட்டி எதையும் பூட்டவும் கூடாது. இத்தனையும் சரி வந்தாலும், காசைக் கையில் கட்டுங்கள். பல இடங்களில் பைக் எடுத்த பிறகும், முதல் வாரண்டி முடிவதற்குள் இதை வாங்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் 110க்கு இது எதுவும் தேவையில்லை. கையெழுத்துக்கு முன் பைக் விலையிலிருந்து முற்பணத்தைக் கழித்துவிட்டு, மீதியை லீசிங் தொகையோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் ஒவ்வொரு ரூபாவுக்கும் பெயர் கேளுங்கள். "வாரண்டி இல்லாமல் பைக் தரமாட்டோம்" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்கள். அப்புறம் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்துச் சொல்லுங்கள்.