தொட்டியில் இறங்காதவருக்குத்தான் எக்ஸ்ரே

கேள்வி: என் மூட்டுவலிக்காக, அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டின் இரண்டாம் கட்டில் ஹாட் டப் (குமிழி விடும் வெந்நீர்த் தொட்டி) வைத்துக் கொடுத்தான். ஆவணியில் கல்யாணத்துக்கு எல்லோரும் வந்தபோது ஓட்டியது. அப்புறம் மூடி போட்டுவிட்டோம். பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்ததும் அதே தண்ணீரைச் சூடு பண்ணி இறங்கினார்கள். தண்ணீர் கண்ணாடிபோல்தான் இருந்தது. மூன்றாம் நாள் பேத்திக்கு இடுப்பிலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்துவிட்டது. மூளையைத் தின்னும் அமீபா என்று செல்போனில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. குளோரின் நெடியும் அதிகமாக இருக்கிறது. என் கணவருக்கு (வயது 71, சுகர் உண்டு, சிகரெட்டை விட்டு ஆறு வருஷம்) நான்கு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல். அவர் தொட்டியில் இறங்கவே இல்லை, பக்கத்தில் ஈஸி சேரில் உட்கார்ந்திருந்ததோடு சரி. மெடிக்கலில் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் அமீபாவுக்கு முக்கால் பக்கம், ஐயாவின் காய்ச்சலுக்கு மூன்று வரி. அந்த மூன்று வரிதான் என்னை உட்கார விடவில்லை. கடிதம் வந்த அன்று மாலையே உங்களைக் கூப்பிட்டு, இருட்டினாலும் பரவாயில்லை, காரைக்குடிக்கு அழைத்துப்போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். எடுத்தீர்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம். ஐந்தாறு நாளில் இருமலும் அடங்கியது. ஏதோ வைரஸ் காய்ச்சல், வந்தது, போனது. "இதற்கா இவ்வளவு பதற்றம்?" என்று பிறகு போனில் கேட்டீர்கள். அன்று வாசலில் கூட்டம், பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

"இறங்கவே இல்லை" என்பதை நீங்கள் ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். 1999இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே குமிழி விட்டு ஓடும் ஹாட் டப்பைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அதில் குளித்தவர்களுக்கு அல்ல, பக்கத்தில் நடந்துபோனவர்களுக்குத்தான் நிமோனியா வந்தது. முப்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை அது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்கள் கொத்துக் கொத்தாக நிமோனியாவில் விழுந்தபோதுதான் இது முதலில் பிடிபட்டது. 'லீஜியன்' என்ற அந்த அமைப்பின் பெயரே கிருமிக்கும் ஒட்டிக்கொண்டது.

கோலி சோடாவை உடைத்ததும் மூக்கருகே கொண்டுபோனால் பொடிப் பொடியாகத் தெறிக்குமே, அதே கதைதான் இங்கேயும். தண்ணீரைப் பீய்ச்சுகிற ஜெட்டைப் போட்டதும் குமிழிகள் மேலே வந்து உடையும், கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறும். தண்ணீரில் கிருமி இருந்தால் துளியிலும் இருக்கும். அதை மூச்சில் இழுத்தால் போதும். பத்து நிமிஷம் முங்கி எழுந்து ஓடிவிட்ட பேரனைவிட, இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர் அதிகமாகவே இழுத்திருப்பார். பேரன் பெரும்பாலும் தப்பித்துவிடுவான். ஐம்பதைத் தாண்டியவர், சுகர் உள்ளவர், புகை பிடித்த நுரையீரல் என்று இந்தக் கிருமி தேடுகிற மூன்றும் ஐயாவிடம் இருக்கின்றன.

இனி நம் ஊர் சமாச்சாரம். இந்தக் கிருமி 25 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை சுகமாகப் பெருகும். குளிர் நாட்டில் தொட்டியை அணைத்துவிட்டால் தண்ணீர் ஆறிப்போகும். பள்ளத்தூரில் ஆவணியிலும் புரட்டாசியிலும் மூடி போட்ட தொட்டி எப்படி ஆறும்? சுவிட்சை அணைத்தாலும் கிருமிக்கு அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். நம் பெரிய வீடுகளின் வாழ்க்கையும் அப்படி. பத்து மாதம் பூட்டு, ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, ஒரு பொங்கல். ஆவணித் தண்ணீர் தை வரை குழாய்களுக்குள் கிடந்தது, அதில் குளோரின் என்றோ செத்துவிட்டது. பொங்கலன்று ஜெட்டைப் போட்டதும் வந்த முதல் தெறிப்புதான் மிக மோசமானது. அந்த நேரத்தில்தான் வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

ஆகவே ஹாட் டப் ஓடிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது, இறங்கினாலும் இறங்காவிட்டாலும், நல்ல காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வயிற்றுப்போக்கும் கூடவே இருந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். போனதும் முதல் வார்த்தையாக "வீட்டில் ஹாட் டப் இருக்கிறது" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் காரைக்குடியில் எந்த டாக்டருக்கும் இது தோன்றாது. எனக்கே தோன்றாது. சொன்னால் சிறுநீரிலேயே ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம்.

அமாக்ஸிசிலினுக்கு வருகிறேன். லெஜியோனெல்லா நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அதனிடம் பலிக்காது. அதற்கு அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவை வேண்டும். உடனே இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகாதீர்கள்; இவை இதயத்துடிப்பையும் சுகரையும் தொடுகிற மருந்துகள். நான் கோபப்படுவது வேறொன்றுக்கு. வைரஸ் காய்ச்சலென்றால் உங்கள் அமாக்ஸிசிலின் தேவையில்லை. லெஜியோனெல்லா என்றால் பிரயோஜனமில்லை. இரண்டிலும் அது செய்திருக்கக்கூடியது ஒன்றுதான்: "மருந்து கொடுத்திருக்கிறோமே, பார்க்கலாம்" என்று மூன்று நாள் உங்களை உட்கார வைத்திருக்கும்.

பேத்திக்கு வந்தது தொட்டிப் பொரி. சூடோமோனாஸ் என்ற கிருமி மயிர்க்கால்களில் புகுந்து சிவக்க வைக்கும். ஈரமான நீச்சல் உடை ஒட்டியிருந்த இடுப்பிலும் முதுகிலும் அதிகமாக வந்ததே அதற்கு அடையாளம். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறையும். அந்த உடையைத் துவைத்து வெயிலில் போடுங்கள். மூன்று மருந்து கலந்த ட்யூப் ஒன்றைத் தடவியதாக எழுதியிருக்கிறீர்கள், அதைத் தூக்கி எறியுங்கள். அதில் இருப்பது ஸ்டீராய்டு. குழந்தைக்குக் காய்ச்சலோ, சீழ்க்கட்டியோ, காதுவலியோ வந்தால் மட்டும் காட்டுங்கள்.

அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும். தோல் வழியாகப் போகாது, குடித்தாலும் போகாது. கேரளச் செய்திகளைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நல்ல குளோரின் போட்ட தண்ணீரில் அது பிழைக்காது. பிள்ளைகள் தலையை முக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். செல்போனை ராத்திரி வேறு அறையில் வையுங்கள்.

குளோரின் நெடி அடிக்கிறதென்றால் குளோரின் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தலைகீழ். வேர்வை, எண்ணெய், சிறுநீரோடு சேர்ந்து வேலை முடிந்துபோன குளோரின்தான் அப்படி நாறும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரன்கள் நேரே தொட்டிக்குள் குதித்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நல்லெண்ணெய்க்கு முன்னால் எந்தக் குளோரினும் நிற்காது ஆச்சி. சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருந்தது என்பது ஒரு சாட்சியே இல்லை. அந்தக் காலத்தில் முற்றத்துக் கல்தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்துக் கழுவியது எதற்கு? சுவரில் படிகிற வழவழப்புக்காக. ஹாட் டப்பின் வழவழப்பு குழாய்களுக்குள் இருக்கிறது, அங்கே உங்கள் கை போகாது. ஜெட் வாய்க்குள் ஒரு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பாசி பிடித்த படிக்கட்டுபோல் வழுக்கினால், உள்ளே இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மேலே போடுகிற குளோரின் அந்தப் படலத்தைத் துளைத்துப் போகாது. ஹாட் டப் குழாய்க்கென்றே உள்ள கழுவும் மருந்தை ஊற்றி, ஆளில்லாமல் ஜெட்டை ஓடவிட்டு, பிறகு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். ஃபில்டரைக் கழற்றி மடிப்பு மடிப்பாகக் கழுவுங்கள்.

ஓடுகிற நாட்களில் தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டையை (டெஸ்ட் ஸ்ட்ரிப்) முக்கிப் பார்க்காமல் யாரும் இறங்கக்கூடாது. குளோரின் 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) கீழே போகக்கூடாது, தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 7.0க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். குமிழி ஓட ஓட பிஹெச் மேலே ஏறும், ஏறினால் குளோரின் இருந்தும் மந்தமாகிவிடும். வாரம் ஒரு மாத்திரை போடுகிறோம் என்றீர்கள். சூட்டில் குளோரின் வாரக்கணக்கில் தங்காது. எப்போது தண்ணீரை மாற்றுவது? லிட்டரைப் பன்னிரண்டால் வகுங்கள், தினமும் இறங்குகிற ஆட்களால் மறுபடி வகுங்கள், வருவது நாள். உங்கள் 1200 லிட்டருக்கு இரண்டு பேர் என்றால் 50 நாள். பொங்கல் கூட்டம் எட்டுப் பேர் என்றால் 12 நாள். செட்டிநாட்டில் வகுத்தல் கணக்கை நான் சொல்லித்தருவது கொஞ்சம் அதிகம்தான்.

உப்புக்கறை போக பாத்ரூம் ஆசிட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். குளோரினோடு சேர்ந்தால் விஷவாயு.

உங்களுக்குச் சூடு 40ஐத் தாண்ட வேண்டாம், பதினைந்து நிமிஷம் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எழும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுங்கள். சித்திரை வெயிலில் இது எதற்கு என்று நான் கேட்கவில்லை, மகன் ஆசை.

பிள்ளைகள் கிளம்பிப் போன மறுநாளே தொட்டியைக் காலி செய்து, துடைத்து, மூடியைத் திறந்து காயவிடுங்கள். அடுத்து வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நிரப்பி, குளோரினைத் தூக்கலாகப் போட்டு, யாரும் பக்கத்தில் இல்லாமல் ஜெட்டை ஓடவிட்டு, ஸ்ட்ரிப்பில் பார்த்த பிறகு கூப்பிடுங்கள். ஐயாவின் ஈஸி சேர் அதற்கு முன்பே முகப்புக்குப் போய்விட வேண்டும். பேப்பரும் அங்கேதானே வருகிறது.