காம்பராவுக்குத் தளப்படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். 2011இல் வந்த, ஓவியர் தா. சனாதனனின் ‘இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலை அண்மையில்தான் பார்க்கக் கிடைத்தது. போரில் இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீடுகளின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். மனம் கனத்தது. ஆனால் இது கலையா? பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் போலப் பார்த்தவுடன் உறைக்க வேண்டாமா? போர் நடக்காத மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் பாடசாலை அதிபருடையதும்தான்.

ர.

அன்புள்ள ர.,

குவெர்னிகாவை முதலில் முடித்துவிடுவோம். அதில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. பார்த்தவுடன் உறைக்கிறது என்றால், 1937இல் குண்டுவீச்சுக்கு உள்ளான குவெர்னிகா ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முன்பே யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ‘இது கலையா’ என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

போர் நடக்காத மலையகமா? சித்திர ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதலாமா? 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் அடிபட்டு, தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் யார் வீட்டுச் சனம்? 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் அங்கே அகப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்களே.

என் சித்தப்பா அப்படிப் போனவர். காடு வெட்டி, கிணறு தோண்டி, அரை ஏக்கரில் வீடு கட்டினார். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக வளவு என்று ஒன்று வைத்திருந்த முதல் ஆள். எல்லாம் போய், முகாமிலிருந்து வெளியே வந்தபின் எங்கள் வீட்டில் கொஞ்சநாள் இருந்தார். ஒருநாள் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வளவை வரைந்து காட்டினார். கிணறு வீட்டை விடப் பெரிதாக இருந்தது. முருங்கை, மாட்டுக்கொட்டில், படலை, படலைக்கு வெளியே சைக்கிள் சாத்துகிற இடம் வரை போட்டார். அப்புறம் நான் சும்மா, “நீங்க பிறந்த காம்பராவையும் போடுங்க சித்தப்பா” என்றேன். காம்பரா என்றால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்கான அறை. ஒரு சதுரம் போட்டார். பேனையை மூடிவிட்டார்.

சனாதனனின் நூலை நீங்கள் இங்கிருந்து படித்திருக்க வேண்டும். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. வடக்கில் பறிபோனதை வரைந்து வைக்கவாவது ஒரு காலத்தில் காணி உறுதிப் பத்திரமும் எல்லையும் இருந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் தலைமுறைகளாக இருப்பவனுக்கு உறுதி ஏது? தோட்டத்து ஒபிஸ் சுவரில் வரைபடம் தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? சிறுவயதில் அப்பாவோடு போனபோது நான் பார்த்தேன். ஒவ்வொரு மலைக்கும் நம்பர், ஏக்கர்க் கணக்கு, இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா, பங்களாவின் பூந்தோட்டம் கூட. எங்கள் லயம் ஒரு கறுப்புக் கோடு. பெரிய கிளாக்கர் விரலை வைத்தால் மறைந்துபோகிற அளவு. அரசியலும் காட்சித் தொடர்பும் என்று கருத்தரங்கு வைக்கிறார்கள். அந்தச் சுவரை விட அரசியலான படத்தை நான் எந்தக் கண்காட்சியிலும் கண்டதில்லை.

ஆகவே வர்ணப் பெட்டியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பிள்ளைகளிடம் அளவுநாடாவைக் கொடுத்து அவரவர் காம்பராவை வரையச் சொல்லுங்கள். அடுப்பு எங்கே, படிக்கிற இடம் எங்கே, இரவில் யார் எங்கே படுப்பது, மழைக்குத் தகரம் ஒழுகுகிற மூலை எது, எல்லாம் வரட்டும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் லயத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதிபர் சம்மதிப்பாரா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். அதை அவரிடமே கேளுங்கள்.